காருக்கும் ஒரு நாக்கு உண்டு

கடற்காற்று மனிதனுக்கு இன்பம் தருவது. இரும்புக்கோ அது எமன். திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்து வாழும் மக்களுக்கு இந்த உண்மையைப் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உவர்மலையில் மாலை வேளையில் முகத்தில் வந்து படியும் குளிர்ந்த காற்று, யன்னற் கம்பிகளையும் கதவுப் பிணைச்சல்களையும் துவிச்சக்கர வண்டியின் சங்கிலியையும் ஓசையின்றி அரித்துக்கொண்டே இருக்கிறது. வாசலில் நிற்கும் மோட்டார் காரை மட்டும் அது விட்டுவைக்குமா?

வெளித்தகட்டில் விழும் துருவை நாம் உடனே கண்டுகொள்கிறோம். சுரண்டி வர்ணம் பூசுகிறோம். ஆனால் எஞ்சினிலிருந்து புகையைக் கொண்டுசெல்லும் குழாயின்மீது, ஏறக்குறையப் பெருவிரல் அளவில் ஒரு சிறு கருவி திருகப்பட்டிருக்கிறதே, அதை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அதன் பெயர் ஒட்சிசன் உணரி. பட்டறைகளில் ‘ஒட்சிசன் சென்சர்’ என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்கும். அதன் செய்தியில் ஏதோ கோளாறு என்று காரின் கணினி ஐயுற்றால், சாரதியின் கண்ணெதிரே எஞ்சின் உருவம் பொறித்த மஞ்சள் விளக்கு ஒன்று எரியத் தொடங்குகிறது. விளக்கைக் கண்டதும் வீட்டிலே கவலை, பட்டறையிலே செலவு. அந்தச் செலவில் எது அவசியமானது, எது வீணானது என்பதைப் பிரித்தறிய வழி உண்டா என்பதையே இங்கு ஆராயப் புகுகிறோம்.

அடுப்பங்கரைப் பாடம்

இக்கருவியின் வேலையைப் புரிந்துகொள்ள மோட்டார் சாஸ்திரம் படித்திருக்க வேண்டியதில்லை. விறகடுப்பில் சமைத்துப் பழகிய நம் தாய்மாருக்கு அது ஏற்கனவே தெரிந்த விஷயம். அடுப்பில் விறகை அளவுக்கு மீறித் திணித்து, காற்றுப் புக இடம் வைக்காவிட்டால் என்ன ஆகும்? கரும்புகை எழும், கண் எரியும், பானையின் அடியில் கரி அப்பிக்கொள்ளும், சோறு மட்டும் வேகாது. ஊதுகுழலை எடுத்து நாலுமுறை ஊதினால் புகை அடங்கிச் சுவாலை எழும்புகிறது. விறகுக்கு ஏற்ற காற்று, காற்றுக்கு ஏற்ற விறகு என்ற கணக்கிலேதான் அடுப்பு எரிகிறது.

எஞ்சினும் ஓர் அடுப்பே. ஒரு கிலோ பெற்றோல் மிச்சமின்றி எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பெற்றோல் கூடிவிட்டால் எரியாத எரிபொருளும், காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவும் புகையோடு வெளியேறும். காற்றுக் கூடிவிட்டால் எஞ்சின் தடுமாறும். நைதரசன் ஒட்சைட்டுகள் என்னும் வேறு வகை நச்சுகள் பெருகும். ஆகவே, அந்தக் கணக்கு ஒவ்வொரு கணமும் சரியாக இருக்க வேண்டியது அவசியம்.

மொறிஸ் மைனர் கார்கள் நம் வீதிகளில் ஓடிய காலத்தில் இந்தக் கணக்கைப் பார்த்தவர் மெக்கானிக். எஞ்சினின் ஒலியைக் காதால் கேட்டு, புகையை மூக்கால் முகர்ந்து, பிளக்கைக் கழற்றி அதன் நுனியின் நிறத்தைக் கண்ணால் கண்டு, காபரேற்றரின் திருகாணியைச் சிறிது முன்னும் பின்னும் திருப்பிவிடுவார். அவர் கைபட்ட பிறகு கார் ஒழுங்காக ஓடும். ஆனால் அவர் ஓடும் காரிலே கூடவே வந்து திருகாணியைத் திருப்பிக்கொண்டிருக்க முடியாதல்லவா? ஏற்றத்திலே ஒரு கணக்கு, இறக்கத்திலே ஒரு கணக்கு, காலைக் குளிரில் ஒரு கணக்கு, நண்பகல் வெயிலில் வேறொரு கணக்கு.

இக்காலக் கார்களில் பெற்றோலை அளந்து தெளிக்கும் பொறுப்பைக் கணினி ஏற்றிருக்கிறது. அளந்து கொடுத்தது சரியா, பிழையா என்பதை அது எப்படி அறியும்? கறி சமைப்பவர் அகப்பையால் ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நாவில் வைத்து உப்புப் பார்ப்பதைப் போல, எரிந்து வெளியேறும் புகையைச் சுவை பார்த்துக் கணினிக்குச் சொல்லும் நாக்குத்தான் ஒட்சிசன் உணரி. புகையில் பிராணவாயு மிஞ்சியிருக்கிறது என்று நாக்குச் சொன்னால் கணினி பெற்றோலைச் சிறிது கூட்டுகிறது. மிச்சமில்லை என்று சொன்னால் சிறிது குறைக்கிறது. இந்தப் பேச்சுவார்த்தை எஞ்சின் சூடேறியதிலிருந்து பயணம் முடியும்வரை ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது.

நெருப்பிலே வேலை செய்யும் நாக்கு

இந்த நாக்கின் உள்ளே இருப்பது சேர்க்கோனியம் ஒட்சைட்டினாலான ஒரு சிறு பீங்கான் கிண்ணம். தையற்காரர் விரலில் அணியும் அங்குத்தானைப் போன்றது. அதன் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் பிளாற்றினம் மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கும். வெளிப்புறம் புகையிலே நனைந்திருக்கும். உட்புறத்தில் நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்று இருக்கும். காற்றிலே பிராணவாயு ஏறத்தாழ 21 வீதம். புகையிலோ மிகக் குறைவு. பீங்கான் 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறியதும், ஒட்சிசன் அயன்கள் அதனூடே ஒரு புறத்திலிருந்து மறுபுறம் செல்ல முற்படுகின்றன. இரு புறத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஏற்ப ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. பாடசாலை ஆய்வுகூடத்தில் மின்கலம் செய்து பார்த்த மாணவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வார்கள்: இதுவும் ஒரு மின்கலமே, பிராணவாயுவினால் இயங்கும் மின்கலம்.

புகையில் பிராணவாயு மிகக் குறைந்திருந்தால், அதாவது பெற்றோல் கூடியிருந்தால், அழுத்தம் 0.9 வோல்ற்றுவரை ஏறுகிறது. பிராணவாயு மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ற்று அளவுக்கு இறங்குகிறது. சரியான கலவை 0.45 வோல்ற்றுக்கு அருகில் இருக்கும். எஞ்சின் தொடங்கியவுடனேயே உணரி சூடேற வேண்டும் என்பதற்காக, பிற்காலத்து உணரிகளில் மின்சார வெப்பமூட்டி ஒன்றும் உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது.

இதன் விதை பழையது. ஜெர்மானிய விஞ்ஞானி வால்தர் நேர்ண்ஸ்ட், செறிவின் வித்தியாசம் மின்னழுத்தமாக மாறும் கணக்கை 1889ஆம் ஆண்டில் வெளியிட்டார். சேர்க்கோனியப் பீங்கானைச் சூடாக்கி ஒளிரச் செய்யும் ஒரு விளக்கையும் அவர் அதே நூற்றாண்டின் இறுதியில் அமைத்தார். 1920ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தக் கணக்கும் அந்தப் பீங்கானும் மோட்டார் காரின் புகைக்குழாயில் ஒன்றுசேர மேலும் பல ஆண்டுகள் சென்றன. ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் உருவாக்கிய உணரி, 1976ஆம் ஆண்டில் சுவீடனின் வொல்வோ கார்களிலே முதன்முதலாகப் பொருத்தப்பட்டு, அமெரிக்காவின் கலிபோர்ணியா வீதிகளில் ஓடியது.

இந்த நாக்குக்குப் பெரும் பகைவன் ஈயம். எஞ்சின் ‘தட்டாமல்’ ஓட வேண்டும் என்பதற்காகப் பெற்றோலில் ஈயச் சேர்மம் கலக்கும் வழக்கம் 1920களில் தொடங்கியது. ஈயம் பிளாற்றினப் பூச்சின்மீது படிந்து அதனைச் செயலற்றதாக்கிவிடும். குழந்தைகளின் மூளைக்கும் அது கேடு. இலங்கை 2002ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெற்றோலைக் கைவிட்டது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021ஆம் ஆண்டில் கைவிட்டது. நம் வீதிகளில் இந்தக் கருவி நீடித்து வாழ வழி பிறந்தது அந்த மாற்றத்தினால்தான்.

நமக்கு இது ஏன் முக்கியம்?

துறைமுகத்தின் மறுகரையில், சீனன்குடாப் பகுதியில், இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே பிரித்தானியர் கட்டத் தொடங்கிய பிரம்மாண்டமான எண்ணெய்க் குதங்கள் நிற்பதை நாம் அறிவோம். 99 குதங்கள் எஞ்சியிருக்கும் அந்தக் கரையிலேயே, 2022ஆம் ஆண்டில் மக்கள் ஒரு சில லீற்றர் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் 92 ரகப் பெற்றோல் லீற்றர் ஒன்றின் விலை 470 ரூபாவாயிற்று. அதன்பின் வந்த அனுமதி அட்டை முறையில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுக்கப்பட்டது.

அந்த 20 லீற்றரை வைத்து ஒரு சிறு கணக்குப் போடுவோம். லீற்றருக்கு 14 கிலோமீற்றர் ஓடும் கார் 280 கிலோமீற்றர் செல்லும். நாக்கு மரத்துப்போய், அதே கார் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் மட்டும் ஓடுமானால் 240 கிலோமீற்றரில் நின்றுவிடும். திருகோணமலையிலிருந்து கொழும்புக்குத் தூரம் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். முன்னது ஊர்போய்ச் சேரும். பின்னது வழியிலே நிற்கும். வரிசைக் காலம் கடந்துவிட்டாலும் இந்தக் கணக்கு மாறவில்லை; மாத முடிவில் ஒவ்வொரு குடும்பத்தின் பையிலிருந்தும் அது கழிந்துகொண்டே இருக்கிறது.

மற்றொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளும் நம்மவர் பழைய கார்களையே பேணி ஓட்டினர். வெப்பமூட்டி உள்ள உணரி ஏறக்குறைய 1,60,000 கிலோமீற்றர்வரை உழைக்கலாம் என்பது பொதுவான கணிப்பு. நம் ஊரிலே அந்த எல்லையைத் தாண்டிய கார்கள் அநேகம். 2008ஆம் ஆண்டில் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனையில் தேறினாலன்றி வருமான அனுமதிப்பத்திரம் பெற இயலாது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, புகைக்குழாயில் உணரியை அடுத்து ஊக்கி மாற்றி என்னும் பேழை ஒன்று இருக்கிறது. பட்டறைப் பேச்சில் அது ‘கன்வேட்டர்’. எஞ்சின் விட்ட நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றுவது அதன் தொழில். கலவை நெடுநாள் பிழையாக இருந்தால், எரியாத பெற்றோல் அதனுள்ளே சென்று எரிந்து அதை உருக்கிவிடும். அதன் விலையோடு ஒப்பிட்டால் உணரியின் விலை அற்பம். அந்தப் பேழை பழுதானால் நஞ்சு முழுவதும் வெளியே வருகிறது. அதைச் சுவாசிப்பவர்களோ பாடசாலை விட்டு வீதியோரமாக நடந்துவரும் நம் குழந்தைகள்.

சாட்சியைத் தண்டிக்கலாமா?

இனி, நாம் சொல்ல வந்த முக்கிய விஷயத்துக்கு வருவோம். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். துறைமுகத்தை அண்டி வசிக்கும் ஆசிரியர் ஒருவருடைய காரில் மஞ்சள் விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பெற்றோல் முன்னைவிட அதிகம் செலவாகிறது. புகைக்குழாயின் வாய் கறுத்திருக்கிறது. அவர் காரை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோகிறார். அங்குள்ள இளைஞர் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்துவிட்டு, “மாஸ்டர், ஒட்சிசன் கூடுதலாகக் காட்டுகிறது. சென்சர் பழுது. புதிதாகப் போட்டுவிடுவோம்” என்கிறார். ஆசிரியரும் பணத்தைக் கொடுத்துப் புதிய உணரியைப் போடுகிறார். விளக்கு அணைகிறது. பத்து நாளில் மீண்டும் எரிகிறது!

நடந்தது என்ன? எஞ்சினுக்கும் உணரிக்கும் இடையே உள்ள புகைக்குழாய் இணைப்பு உப்புக்காற்றினால் துருப்பிடித்து, மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது. புகை துடித்துத் துடித்து வெளியேறும்போது அந்த வெடிப்பின் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டது. உணரி அந்தக் காற்றைச் சுவைத்து, பிராணவாயு மிஞ்சியிருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொன்னது. கணினி அதை நம்பிப் பெற்றோலைக் கூட்டியது. பெற்றோல் வீணானது அதனால்தான். உணரி பொய் சொல்லவில்லை. அது உண்மை சொன்ன சாட்சி. ‘சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்’ என்பது நம் பழமொழி. சட்டியைப் பாராமல் அகப்பையை மாற்றினால் கறியின் உப்புக் குறைந்துவிடுமா?

ஸ்கேனர் காட்டும் குறியீட்டைத் தீர்ப்பாகக் கொள்வதே இத்தகைய வீண் செலவுகளுக்கு வேர். குறியீடு என்பது முறைப்பாடு மாத்திரமே. விசாரணை அதன் பின்னரே தொடங்க வேண்டும்.

விசாரணை முறை

முதலாவதாக, குறியீட்டை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். உணரி உள்ள காரில் முகப்புப் பலகையின் கீழே பொதுவாகப் பதினாறு துளைகள் உள்ள ஓர் இணைப்பு இருக்கும். ஸ்கேனர் பொருந்துவது அங்கேதான். பி 0135 என்று வந்தால் முதலாவது உணரியின் வெப்பமூட்டிச் சுற்றில் கோளாறு. பி 0133 என்றால் உணரி மந்தமாகப் பதில் சொல்கிறது. பி 0134 என்றால் அது பேசவே இல்லை. இவை உணரியையோ அதன் கம்பிகளையோ நேராகச் சுட்டுபவை. பி 0171 என்று வந்தால் கலவையில் காற்று அதிகம். பி 0172 என்றால் பெற்றோல் அதிகம். இவ்விரண்டும் உணரி சொன்ன சாட்சியங்கள். இவற்றைக் கண்டு உணரியை மாற்றுவது, எய்தவன் இருக்க அம்பை நோவதாகும்.

இரண்டாவதாக, கண்ணால் பார்க்க வேண்டும். செலவில்லாத சோதனை இதுவே. காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா? எஞ்சினுக்குக் காற்றுக் கொண்டுபோகும் இறப்பர்க் குழாய்கள் வெடித்திருக்கின்றனவா? பிளக்குகள் ஒழுங்காகப் பொறி விடுகின்றனவா? ஒரு பிளக் பொறி விடாவிட்டால் அந்தச் சிலிண்டரின் காற்று எரியாமலே வெளியேறும். உணரி அதைக் கண்டு ‘காற்று அதிகம்’ என்று சொல்லும். புகைக்குழாயின் இணைப்புகளில் கரிக்கோடு படிந்திருந்தால் அங்கே ஒழுக்கு உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இயக்கிக் காதைக் கொடுத்தால் ‘டிக் டிக்’ என்ற சிறு ஓசையும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவதாக, கம்பிகளையும் இணைப்பையும் பார்க்க வேண்டும். துறைமுகப் பகுதியில் வாழும் நமக்கு இது தனிக் கவனத்துக்குரியது. செப்புப் பாத்திரத்தில் பச்சைக் களிம்பு பிடிப்பதைப் போல, உப்பு ஈரம் புகுந்த இணைப்புகளின் உள்ளேயும் களிம்பு பிடிக்கிறது. உணரியின் செய்தியோ ஒரு வோல்ற்றுக்கும் குறைந்தது. சிறு களிம்பும் அதைக் கெடுத்துவிடும். பல வேளைகளில் உணரி நலமாக இருக்க, இணைப்பும் உருகியும் மட்டுமே பழுதாகியிருக்கக் காணலாம்.

நான்காவதாக, வெப்பமூட்டியை அளக்க வேண்டும். நாலு கம்பி உள்ள உணரியில் ஒரே நிறமுள்ள இரண்டு கம்பிகள் பெரும்பாலும் வெப்பமூட்டிக்கு உரியவை. இணைப்பைக் கழற்றி, அவ்விரண்டுக்கும் இடையே மல்ரிமீற்றரால் தடையை அளந்தால், காரின் வகைக்கேற்பச் சில ஓம்கள் முதல் ஏறக்குறையப் பதினைந்து ஓம்வரை காட்டும். எல்லையற்ற தடை காட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. அந்த உணரிக்கு வேறு சிகிச்சை இல்லை. அளவு சரியாக இருந்தால், காரின் பக்கத்திலிருந்து 12 வோல்ற்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். செய்திக் கம்பியின் தடையை மட்டும் ஒருபோதும் அளக்கலாகாது. மீற்றர் அனுப்பும் மின்னோட்டம் உணரியைக் கெடுத்துவிடும்.

ஐந்தாவதாக, நாக்குச் சுவை அறிகிறதா என்று பரீட்சிக்க வேண்டும். எஞ்சினைத் திறந்த வெளியில் நன்றாகச் சூடேற்றி, நிமிடத்துக்கு 2,500 சுற்று அளவில் ஓடவிட்டு, ஸ்கேனரில் வோல்ற்றைப் பார்த்தால், முதலாவது உணரியின் எண் 0.1க்கும் 0.9க்கும் இடையே ஊஞ்சல்போல விரைவாக ஏறி இறங்க வேண்டும். சந்தேகம் இருந்தால் எஞ்சினின் வெற்றிடக் குழாய் ஒன்றைச் சிறிது நேரம் கழற்றிக் காற்றைப் புகவிடலாம், எண் 0.2க்குக் கீழே விழ வேண்டும். காற்று வழியில் காபரேற்றர் துப்புரவுத் திரவத்தைச் சிறிதளவு தெளித்தால் 0.8க்கு மேலே ஏற வேண்டும். எரியும் தன்மையுள்ள திரவத்தை இவ்வாறு கையாள்வது பழகிய மெக்கானிக்குக்கு உரிய வேலை. வீட்டார் முயலக் கூடாது. இரண்டுக்கும் உடனே பதில் சொன்னால் நாக்கு உயிரோடு இருக்கிறது. குற்றவாளியை வேறிடத்தில் தேட வேண்டும். எதற்கும் அசையாமல் ஒரே எண்ணில் நின்றாலோ, நெடுநேரம் கழித்து அசைந்தாலோ, நாக்கு மரத்துப்போயிற்று என்று துணியலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பல டொயோட்டா கார்களிலும் வேறு சில ஜப்பானியக் கார்களிலும் முன்னால் இருப்பது சாதாரண உணரியன்று. காற்று-எரிபொருள் விகித உணரி என்னும் வேறு வகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இது வோல்ற்றை ஊஞ்சலாட்டிக் காட்டாது. இதனை மற்றதின் அளவுகோலால் அளந்து ‘பழுது’ என்று முடிவு கட்டுவது பெரும் பிழை. காரின் கைநூலைப் பார்த்தே வகையை நிச்சயிக்க வேண்டும். ஊக்கி மாற்றிக்குப் பின்னாலும் ஓர் உணரி உண்டு. அது ஊஞ்சலாடாமல் நிலையாக இருப்பதே நலம். அதுவும் முன்னதைப் போலவே ஆடினால், நலிந்தது பெரும்பாலும் ஊக்கி மாற்றியே.

சிகிச்சை

உணரியைத் ‘திருத்துவது’ என்று சொல்கிறோமே, உண்மையில் திருத்தக்கூடியது அதன் சுற்றுப்புறமே. ஒழுகும் குழாயை ஒட்டலாம், கேஸ்கற்றை மாற்றலாம், உருகியை மாற்றலாம், களிம்பு பிடித்த இணைப்பைத் துப்புரவாக்கலாம் அல்லது மாற்றலாம். பீங்கான் நாக்கு மரத்துவிட்டால் அதற்கு உயிரூட்ட முடியாது. பெற்றோலில் ஊறவைப்பதும், கம்பித் தூரிகையால் உரசுவதும், நெருப்பில் வாட்டுவதும் சிலரிடம் காணப்படும் வழக்கங்கள். இவை பிளாற்றினப் பூச்சைச் சிதைக்கும். பீங்கானை வெடிக்கச் செய்யும். பித்தளைக் குடத்துக்குப் புளி போடலாம், இதற்கு ஆகாது.

கழற்றிய உணரியை உடனே எறிந்துவிடவும் கூடாது. அதன் முனையைப் பார்த்தால் கதை தெரியும். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் மிகுதி. வெண்மையான பொருக்கு இருந்தால் சிலிக்கோன் பசையோ, எஞ்சினின் குளிர்நீரோ புகையில் கலந்திருக்கிறது. எண்ணெய்ச் சாம்பல் இருந்தால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது. மூல காரணத்தை நீக்காமல் புதிய உணரியைப் பொருத்தினால் அதற்கும் அதே கதிதான்.

புதியதைப் பொருத்துவதிலும் பக்குவம் வேண்டும். உப்புக்காற்றில் இறுகிய மரைகளை எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, 22 மில்லிமீற்றர் சாவியால் பொறுமையாகக் கழற்ற வேண்டும். வலிந்து திருகினால் குழாயின் மரையே போய்விடும். புதிய உணரியின் மரையில் பெரும்பாலும் இறுகாமற் காக்கும் பசை பூசப்பட்டே வரும். அது முனையில் படலாகாது. கீழே விழுந்த உணரியைப் பொருத்தவே கூடாது. உள்ளே இருப்பது பீங்கான் அல்லவா? கம்பிகளை ஈயப்பற்று வைத்து ஒட்டுவதும், இணைப்பில் கிரீஸ் பூசுவதும் தவறு. அநேக உணரிகள் தமக்கு வேண்டிய வெளிக்காற்றைக் கம்பியின் உள்ளிருக்கும் நுண்ணிய இடைவெளி வழியாகவே பெறுகின்றன. அதை அடைத்தால் மூச்சுத் திணறி உணரி பிழையாகப் பேசும். காற்றிலிருக்கும் உப்புக்குப் பயந்து கிரீஸ் பூசும் நம் ஊர்ப் பழக்கம் இங்கே கேடாகவே முடியும்.

வேலை முடிந்ததும் குறியீட்டை அழித்துவிட்டுச் சில நாட்கள் வழக்கம்போல் ஓட்டிப் பார்க்க வேண்டும். குறியீட்டை அழித்தால் எந்த விளக்கும் அணையும். அது சுகத்துக்கு அறிகுறியன்று. விளக்கு மீண்டும் எரியாமல், லீற்றருக்கு ஓடும் தூரமும் பழைய நிலைக்கு வந்தால்தான் நோய் நீங்கிற்று என்று கொள்ளலாம். மற்றொன்றையும் குடும்பத்தார் நினைவில் வைத்திருக்க வேண்டும். அடைத்த கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டு இச்சோதனைகளைச் செய்யவே கூடாது. காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மயக்கம் வந்த பின்னரே அது வந்தது தெரியும்.

பணம் கொடுக்குமுன் மூன்று கேள்விகள்

காரைக் கையில் வைத்திருக்கும் எல்லாரும் மெக்கானிக் ஆகிவிட முடியாது. ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் புதிய உணரி போட வேண்டும் என்று பட்டறையில் சொன்னால், பணத்தை எடுக்குமுன் மூன்று கேள்விகளை மரியாதையோடு கேட்கலாம். வந்த குறியீடு என்ன? அதன்பின் எதை எதை அளந்து பார்த்தீர்கள்? கழற்றிய பழைய உணரியைக் காட்ட முடியுமா? தொழில் தெரிந்தவர் இக்கேள்விகளைக் கேட்டுக் கோபிக்கமாட்டார், மகிழ்ச்சியோடு விளக்குவார்.

தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் பட்டறைகளிலும் கைபழகும் நம் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்கேனரை வாங்கிவிடப் பணம் இருந்தால் போதும். அது காட்டும் எண்ணுக்குப் பின்னால் உள்ள காரணத்தைத் தேடிச் செல்லும் பொறுமை விலைக்குக் கிடைப்பதன்று. அக்காலத்து மெக்கானிக் காதையும் மூக்கையும் கொண்டு செய்த விசாரணையை, இக்காலத்து இளைஞர் வோல்ற்றையும் ஓமையும் கொண்டு செய்யப் போகிறார். இரும்பை அரிக்கும் காற்று இக்கரையில் என்றும் வீசிக்கொண்டுதான் இருக்கும். பாகத்தை மாற்றுமுன் அளந்து பார்க்கும் மெக்கானிக் ஒருவர் தெருவுக்குத் தெரு இருப்பாராயின், அதனால் நம் குடும்பங்களுக்கு வரும் நட்டத்தையாவது பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.